மூன்றாம் ஓலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். முப்பத்தொரு வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறு என்ன வரும்? ஆனால் அன்று கோயில் வேப்பமரத்தடியில் ஞானாபரணம் அத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பெயர்களை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று குருவானவர் கேட்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். பெரும்பாலும் யாரும் காது கொடுத்துக் கேட்பதுகூட இல்லை. பெண்கள் பக்கம் சேலையைத்தான் பார்ப்போம்.

அத்தான் கேட்டிருக்கிறார். என் கணவர் தேவசிகாமணியின் அண்ணன் அவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது எழுபத்தைந்து, இன்னும் முதுகு வளையவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ள பேரு எத்தியேன் ட்ரெம்ப்ளேன்னு வாசிச்சாரு. தகப்பன் பேரு ரொஜே லாப்பியேர்னு வாசிச்சாரு. தாய் பேரு ஜினெட் ட்ரெம்ப்ளே. பையன் தாய் பேர வச்சிருக்கான். தாயும் புருசன் பேர வச்சிக்கிடல. இதுக்கு என்ன அர்த்தம் ஜெபராணி?"

எனக்குத் தெரியாது என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் ஒரு பிள்ளைக்குத் தாயின் பெயரை முன்னெழுத்தாகப் போட்டால் என்ன அர்த்தமோ, அதுதான். தகப்பன் யார் என்று சொல்ல முடியாத பிள்ளை. அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிப்பதற்குள் அந்தப் பையனின் பெற்றோர் முறையாகக் கல்யாணம் செய்தவர்கள் என்று பத்திரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தானே எழுந்து தடை சொல்வேன் என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நிதானமாக, பள்ளிக்கூட அறிவிப்பு வாசிப்பது போலச் சொன்னார்.

சட்டப்படி அது தடையே இல்லை என்று எனக்குத் தெரியும். குருவானவர் கேட்டுவிட்டுத் தள்ளிவிடுவார். ஆனால் என் வீட்டுக்காரரை அப்படித் தள்ள முடியாது. அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மாமனார் இறந்துபோனார். படிக்க வைத்தது, வேலை வாங்கிக் கொடுத்தது, என்னைப் பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அண்ணன்தான். அண்ணன் முன்னால் இவர் இன்றுவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது கிடையாது. அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அண்ணன் வேண்டாம்னுட்டாவன்னா, நான் பிள்ளையக் கைபிடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போமாட்டேன் ஜெபா. என்னால ஏலாது."

கல்யாணம் மூன்றாம் ஓலைக்கு அடுத்த வியாழக்கிழமை. அழைப்பிதழ் நானூறு பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மகள் டார்லின் மான்ட்ரியலில் ஐந்து வருடமாக நர்ஸாக இருக்கிறாள். அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கனடாவிலேயே நான்கு பேர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடித்திருக்கலாம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோயில் நடைபாதையில் நடக்க வேண்டும் என்றுதான் மாப்பிள்ளையையும் அவன் பெற்றோரையும் இவ்வளவு தூரம் அழைத்து வருகிறாள்.

அன்றே அவளுக்குப் போன் போட்டேன். விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். அவர்கள் மாகாணத்தில் கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரை மாற்ற முடியாதாம். ஆசைப்பட்டாலும் சட்டம் விடாதாம். பிள்ளைக்கு அப்பா பெயரையும் வைக்கலாம், அம்மா பெயரையும் வைக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். எத்தியேனின் அக்காளுக்கு லாப்பியேர், இவனுக்கு ட்ரெம்ப்ளே. நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்மானித்தார்களாம். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் அவர்கள் கல்யாணப் பத்திரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல் என்றேன். அவள் சிரிப்பு நின்றது. 

"நேர்ல வந்து பேசுதேன்மா" என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பத்தமடையிலிருந்து காஜா முகைதீன் பேசினார். கல்யாணப் பாய் நெய்கிறவர். மாப்பிள்ளை பெண் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார். பெண்ணுக்கு 'தே' போட்டாயிற்று, மாப்பிள்ளைக்கு முன்னால் என்ன எழுத்துப் போட என்று கேட்டார். எழுத்து இல்லாமல் விட்டால் பெயர் மொட்டையாக இருக்கும், பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். பிறகு சொல்கிறேன் பாய் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் வந்து இறங்கினார்கள். எத்தியேன் ஒல்லியாக, உயரமாக, எங்கள் வீட்டு நிலைப்படியில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டு, இரண்டு தடவையும் நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதுதான் பயத்தை இன்னும் கூட்டியது. அவன் அப்பா ரொஜே அதிகம் பேசாத மனிதர். அம்மா ஜினெட்டுக்கு அறுபத்தெட்டு வயது, குட்டையான முடி, ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு இங்கிலீஷ் வரும். ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் எனக்கும் வரும்.

புதன்கிழமை காலை மற்றவர்கள் குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போனார்கள். நானும் ஜினெட்டும் மட்டும் வீட்டில். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவள் ஒரு நீளமான குழாயிலிருந்து பெரிய தாளை உருவிச் சாப்பாட்டு மேசை மேல் விரித்தாள். அரைவட்டமாக ஒரு படம். நடுவில் எத்தியேன், டார்லின். எத்தியேன் பக்கம் கட்டம் கட்டமாகப் பதினோரு தலைமுறை. டார்லின் பக்கம் எங்கள் இரண்டு பேர் பெயருக்கு மேல் எல்லாம் வெறுமை. கல்யாணப் பரிசாக இதைப் போட்டுக்கொடுப்பது தன் வழக்கம், மகளுக்கும் போட்டுக்கொடுத்தேன் என்றாள்.

அவளுடைய ஊர்க் கோயில்களின் ஞானஸ்நான ஏடு, கல்யாண ஏடு, அடக்க ஏடு எல்லாம் முந்நூறு வருடத்துக்கு மேலாக அப்படியே இருக்கின்றனவாம். அங்கேயும் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்ததாக ஒவ்வொரு பதிவிலும் எழுதியிருக்கிறதாம். அதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொஜேயின் முதல் பாட்டன் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சிப்பாய். அவன் குடும்பப் பெயர் டெனி. பட்டாளத்தில் ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், அவனுக்கு வைத்தது லாப்பியேர், கல் என்று பொருள். ஏட்டில் 'டெனி என்கிற லாப்பியேர்' என்றே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளில் இரண்டு பேர் டெனி ஆனார்கள், மூன்று பேர் லாப்பியேர் ஆனார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

எங்கள் ஊர்ப் பழைய பத்திரங்களில் 'சுடலைமுத்து என்கிற சாலமோன்' என்று எழுதுகிற அதே 'என்கிற'தான். இதை அத்தானுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் கவனித்தது பெண்களை. பதினோரு தலைமுறையிலும் ஒவ்வொரு பெண்ணும் தன் சொந்தப் பெயரோடு, தன் அப்பா அம்மா பெயரோடு இருந்தாள். ஒருத்திகூட இன்னாருடைய மனைவி என்று மறைந்துபோகவில்லை. பெயர் மாறாததால்தான் அவர்களைப் பின்னால் போய்ப் பிடிக்க முடிந்தது என்றாள். என் முழுப் பெயரைக் கேட்டாள். ஜெபராணி தேவசிகாமணி என்றேன். அதில்லை, உன்னுடையது என்றாள். சாமுவேல் ஜெபராணி என்று சொல்வதற்கு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. முப்பத்து நான்கு வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை.

அந்த இடத்தில் கேட்டுவிட்டேன். நீயும் ரொஜேயும் எந்தக் கோயிலில், எந்த வருடம் கல்யாணம் செய்தீர்கள்? இந்தத் தாளில் உங்கள் கட்டத்தில் மட்டும் தேதி இல்லையே?

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். செய்யவில்லை என்றாள். முப்பத்தெட்டு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம், இரண்டு பிள்ளை, ஒரு வீடு, கல்யாணம் மட்டும் செய்யவில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஒரு தாளில் கையெழுத்துப் போட இவளுக்கு என்ன கேடு? இவள் போடாத கையெழுத்துக்காக என் மகள் அப்பா இல்லாமல் தனியாக நடக்க வேண்டுமா? அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க முகம் பார்க்காமல் இருக்க வேண்டுமா? அவ்வளவும் என் முகத்தில் தெரிந்திருக்கும். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

அவள் அம்மாவுக்குப் பதினாலு பிள்ளைகளாம். ஒரு வருடம் தொட்டில் காலியாக இருந்தால் ஊர்க் கோயில் சாமியார் வீட்டுக்கே வந்து ஏன் என்று கேட்பாராம். பதினாலாவது பிரசவத்தில் அம்மா போய்விட்டாள். அப்போது ஜினெட்டுக்கு ஆறு வயது. கோயில் ஏட்டில் அம்மாவின் சொந்தப் பெயர் இருந்தது, உயிரோடு இருந்தபோது ஊரில் ஒருவர்கூட அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை, புருஷன் பெயரைச் சொல்லி அவர் சம்சாரம் என்றுதான் கூப்பிட்டார்கள் என்றாள். வளர்ந்த பிறகு, அந்த ஏட்டில் என் கையெழுத்து விழாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். ஆனால் எத்தியேனுக்கு இது வேண்டும், அதனால் வந்திருக்கிறேன், முன்வரிசையில் உட்காருவேன் என்றாள்.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது. ஜினெட் டார்லின் பக்கத்துக் கட்டங்களைக் காட்டி, உன் வீட்டுக்காரரின் தாத்தாவைப் பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஊர் ஊராக வேதம் போதித்த உபதேசியார் வேதநாயகம் எங்கள் குடும்பத்தின் வேர், அவர் மகன் ஞானமுத்து, ஞானமுத்துவின் பேரன்கள்தான் அத்தானும் என் வீட்டுக்காரரும் என்று மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் எந்த ஓலை வாசித்தாலும் 'உபதேசியார் வேதநாயகம் அவர்களின் வம்சத்தில்' என்று சேர்த்துத்தான் வாசிப்பார்கள். அத்தானே அந்த வம்ச வரலாறு ஒன்றைக் கோயில் மலருக்கு எழுதியிருக்கிறார். நாலு பக்கம். அதில் உபதேசியாரின் குதிரைக்குக்கூடப் பெயர் உண்டு. பெண்களுக்கு இல்லை.

வியாழக்கிழமை அந்தப் பெயரைத் தேடிக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தராக இருக்கும் எலிசபெத் என்னிடம் படித்தவள். பழைய ஞானஸ்நான ஏட்டை மேசையில் வைத்துவிட்டு, பார்ப்பவர்கள் கையெழுத்துப் போடுகிற சீட்டை நீட்டினாள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஏடு. பக்கம் பக்கமாகப் புரட்டி ஞானமுத்துவைக் கண்டுபிடித்தேன். வயது ஒரு மாதம். தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. தாய் பெயர் பேச்சி, ஊர் முக்கூடல், நடவுக் கூலி. ஓரத்தில் வேறு மையில் பிற்பாடு எழுதிய சின்ன எழுத்து: 'உபதேசியார் வேதநாயகம் ஏற்று வளர்க்க ஒப்புக்கொண்டார்.'

இரண்டு முறை வாசித்தேன். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வம்சம் என்று சொல்லிச் சொல்லி நிமிர்ந்த முதுகுகள் எல்லாம் இந்தக் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தன.

பிறகுதான் கையெழுத்துச் சீட்டைப் பார்த்தேன். எனக்கு மேலே ஒரே ஒரு கையெழுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, ஞானாபரணம் என்று. அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் அந்த நாலு பக்கத்தை எழுதியிருக்கிறார்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனிடம் கேட்காதே என்று என் காலில் விழுந்திருப்பார். ஜினெட்டிடம் மட்டும் பேச்சி என்ற பெயரைச் சொன்னேன். அவள் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டு, அவள் கணவன் பெயர் என்ன என்று கேட்டாள். தெரியாது, கோடு போட்டிருக்கிறது என்றேன். அவள் பக்கத்துக் கட்டத்தில் தானும் ஒரு கோடு போட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சமாதானபுரத்தில் அத்தான் வீட்டுக்குப் போனேன். பத்திரம் கிடைத்ததா என்று கேட்டார். பத்திரம் இல்லை, அவர்கள் கல்யாணம் செய்யவில்லை என்றேன். அப்படியா என்பது போலத் தலையாட்டினார். ஜெயித்த முகம் இல்லை அது. அதற்குள் நான் போனை எடுத்து, ஏட்டின் படத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்துவிட்டேன். நீங்கள் நாளைக்கு எழுந்து தடை சொன்னால் நானும் எழுந்து இதை வாசிப்பேன் என்றேன். ஆமாம், மிரட்டினேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். 

"ஒங்களுக்கு இது தெரியும் அத்தான்" என்றேன்.

"ஏடு பாக்கதுக்கு முந்தியே தெரியும். எங்கப்பா சாகக் கெடக்கையில எனக்கு மட்டும் சொன்னாவ. தாத்தாவ பள்ளிக்கூடத்துல தகப்பன் பேரு என்னன்னு கேட்டு நிறுத்தி வச்சாங்களாம். ஒரு வருசம், ஜெபராணி. தெனமும் மத்த பிள்ளையெல்லாம் உக்காந்து படிக்கும், இவரு நின்னுக்கிட்டே படிக்கணும். உபதேசியார் வந்து எம்பேர எழுதுங்கன்னு சொன்ன பொறவுதான் உக்காரச் சொன்னாங்களாம்."

  சாகும்போது அவர் அப்பா இதை உன்னோடு புதைத்துவிடு என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் மாப்பிள்ளை வீட்டைக் குடைந்து குடைந்து விசாரித்தது, யாரும் திரும்பி நம்மை விசாரித்துவிடக் கூடாது என்றுதான். இந்தப் பையன் வீட்டுக் கதை வெளியே வந்தால் அதைப் பேசுகிற வாய் நம் வீட்டுக் கதையையும் தேடிவரும் என்று பயந்தேன் என்றார்.

நான் பாவம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் என் மகள் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஒங்க தாத்தாவ நிக்க வச்ச மாதிரி அந்தப் பையனயும் நிக்க வைக்கப் போறீயளா?" என்றேன்.

 போனை என் பக்கம் தள்ளினார். அப்புறம், நீ போ ஜெபராணி என்றார். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று வாசலில் நின்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டார்.

வருகிற வழியில் காஜா முகைதீனுக்குப் போன் போட்டேன். பெண்ணுக்கும் வேண்டாம், மாப்பிள்ளைக்கும் வேண்டாம், முன்னெழுத்து இல்லாமல் இரண்டு பெயரையும் வெறுமனே நெய்துவிடுங்கள் என்றேன். 'தே' ஏற்கெனவே விழுந்துவிட்டதே டீச்சரம்மா என்று பதறினார். பிரித்துவிடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. விஷயம் கசிந்திருக்கிறது என்பது பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. முன்வரிசையில் நானும் ஜினெட்டும் டார்லினும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் ரொஜே, எத்தியேன், அவர்களுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். அத்தான் வழக்கமாகத் தம்பிக்குப் பக்கத்தில் உட்காருவார். அன்று இரண்டு வரிசை தள்ளி, நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க வசதியாக. இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அண்ணன் இவரைப் பார்க்கவில்லை.

முதல் பாட்டு முடிந்தது, பாவ அறிக்கை முடிந்தது, வேத பாடம் முடிந்தது. எனக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. என் கைப்பையில் அந்தப் போன் இருந்தது. வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, நூற்று முப்பத்து நாலு வருடத்துக்கு முன் ஒரு நடவுக் கூலிக்காரி பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் இழுத்துப் போட எனக்கு வாய் வருமா என்று அப்போதுதான் யோசித்தேன். வராது. அவர் எழுந்தால் நான் தோற்றேன்.

குருவானவர் சீட்டை எடுத்தார்.

"கனடா தேசம் மான்ட்ரியல் பட்டணத்தைச் சேர்ந்த திரு ரொஜே லாப்பியேர், ஜினெட் ட்ரெம்ப்ளே ஆகியோரின் குமாரன் எத்தியேன் ட்ரெம்ப்ளே என்பவருக்கும், பாளையங்கோட்டை உபதேசியார் வேதநாயகம் அவர்களின் வம்சத்தில் திரு தேவசிகாமணி அவர்களின் குமாரத்தி டார்லின் என்பவளுக்கும் செய்யப்படும் திருமண அறிவிப்பு. இது மூன்றாம் ஓலை. தடை சொல்ல யாராவது உண்டா?"

அத்தான் எழுந்தார்.

 டார்லின் என் சேலையைப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். எத்தியேனுக்கு ஒன்றும் புரியாமல், யாரோ பெரியவர் எழுந்திருக்கிறார் என்று மரியாதைக்குத் தானும் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தான்.

"தடை ஒண்ணுமில்ல ஐயா" என்றார் அத்தான். "திருத்தம் ஒண்ணு இருக்கு."

குருவானவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"உபதேசியார் எங்க தாத்தாவ வளத்தவரு. பெத்தவரு இல்ல. தாத்தாவப் பெத்தவ பேரு பேச்சி, முக்கூடல்காரி. தகப்பன் பேரு ஏட்டுல கெடையாது. இது எனக்கு அம்பத்து மூணு வருசமாத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டேதான் மறைச்சு எழுதினேன். இன்னைக்கு வாசிக்கையில அவ பேரையும் சேத்து வாசிச்சிருங்க."

பின்வரிசைகளில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் உட்காரவில்லை. முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நின்றார்.  நான் அவரை மிரட்டியதை நினைத்து என் நெஞ்சு வெந்தது. ஏன் என்று கேட்கத் தெரியாத ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்த மாதிரி நான் அந்த மனிதரை நிறுத்திவிட்டேனே என்று இருந்தது.

ஜினெட் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் பேசியதில் அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்.

"பேச்சி?" என்றாள். நான் தலையாட்டினேன்.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, நடைபாதைக்கு வந்து, இரண்டு வரிசை பின்னால் போய் அண்ணன் பக்கத்தில் நின்றார். அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோளோடு தோள் உரச நின்றார், அவ்வளவுதான். அண்ணன் முன்னால் நாற்காலியில் சாய்ந்துகூட உட்காராதவர்.

குருவானவர் பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதினார்.  பிறகு முதலிலிருந்து வாசித்தார். முக்கூடல் பேச்சி என்பவளின் வம்சத்தில் என்று வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று மறுபடியும் கேட்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இரண்டு பேரும் உட்காரவும் இல்லை.